ஸ்கிரீன் முன்னால் உட்காராத பிள்ளைக்கு வீடியோ வழியே ஆட்டிசம் சிகிச்சை தர முடியுமா?

கேட்டவர் ஒரு அம்மா. நான்கு வயது மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியாகிச் சில மாதங்கள் ஆகின்றன. ஐந்தாறு வார்த்தைகள் பேசுகிறான். நினைத்தது கிடைக்காவிட்டால் கத்துகிறான். சில நாள் தலையைத் தரையில் முட்டிக்கொள்கிறான். போய்வரும் தூரத்தில் பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் யாரும் இல்லை. வீடியோ காலில் நடத்தைச் சிகிச்சை தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். “இரண்டு நிமிஷம்கூட ஸ்கிரீன் முன்னால் உட்காராத பிள்ளைக்கு இது எப்படிப் பலன் தரும்? நேரில் ஆள் இல்லாததால் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கச் சொல்கிறார்களா?” என்பது அவருடைய கேள்வி.

அவன் ஸ்கிரீன் முன்னால் உட்கார வேண்டியதே இல்லை. முதலில் அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். இந்த வயதில், இவ்வளவு பேச்சுள்ள பிள்ளைக்கு வீடியோ வழியாக நடக்கும் நல்ல சிகிச்சையில் தெரபிஸ்ட் பேசுவது உங்களோடுதான். போன் ஒரு அலமாரியின் மேல் நிற்கும். உங்கள் ஒரு காதில் இயர்போன் இருக்கும். நீங்கள் மகனோடு தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருப்பீர்கள். அவர் பார்த்துக்கொண்டே உங்கள் காதில் சொல்வார்: “பொறுங்கள்… அவன் கை நீட்டுகிறான்… இப்போது கொடுங்கள்.” அவனுக்கு அங்கே மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பதே தெரியாமல் போகலாம். தெரியாமல் போனால் நல்லதுதான்.

நான் பல வருடங்கள் நேரில் மட்டுமே வேலை பார்த்தவன். 2020-ல் எல்லாக் கதவும் மூடியபோது வேறு வழியில்லாமல் வீடியோவுக்கு வந்தேன். உங்களுக்கு இருக்கும் அதே சந்தேகம் எனக்கும் இருந்தது. இப்போது நேரில் பார்க்க வசதி இருக்கும் சில குடும்பங்களிடமும் நான் வீடியோவைத்தான் முதலில் சொல்கிறேன். காரணத்தை விளக்கமாகச் சொன்னால்தான் உங்களால் முடிவெடுக்க முடியும்.

நோய்த்தொற்றுக் காலத்தில் அவசரத்துக்குக் கண்டுபிடித்த முறை இல்லை இது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் டேவிட் வாக்கரும் அவருடைய குழுவினரும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதைச் செய்துகொண்டிருந்தார்கள். சிறு ஊர்கள் நிறைந்த மாநிலம் அது. தங்களைத் தாங்களே அடித்துக்கொள்ளும், பொருளை உடைக்கும் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடும்பங்கள் வெகுதூரம் பயணம் செய்து வர வேண்டியிருந்தது. அதனால் பெற்றோருக்கு வீடியோ வழியே சொல்லிக்கொடுத்து, அவர்கள் கையாலேயே சிகிச்சையைச் செய்ய வைத்துப் பார்த்தார்கள். 2016-ல் ஸ்காட் லிண்ட்கிரனும் இதே குழுவினரும் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். 107 பிள்ளைகள், மூன்று வழிகள்: தெரபிஸ்ட் வீட்டுக்கே போவது, குடும்பம் பக்கத்துக் கிளினிக்குக்குப் போய் அங்கிருந்து வீடியோவில் பேசுவது, வீட்டில் இருந்தபடியே வீடியோவில் பேசுவது. மூன்றிலும் பிரச்சினை நடத்தை சராசரியாக 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. செலவு வீடியோவில் குறைவாக இருந்தது.

இந்த எண்ணைப் பார்த்து அதிகம் எதிர்பார்த்துவிடவும் வேண்டாம். அது வெவ்வேறு காலத்தில் நடந்த திட்டங்களின் தரவுகளை வைத்துச் செய்த ஒப்பீடு. அளந்தது அடித்தல், உடைத்தல், கத்தல் போன்ற நடத்தைகளைத்தான். பேச்சு இத்தனை வளர்ந்தது, அறிவுத்திறன் இத்தனை கூடியது என்பதற்கெல்லாம் அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. யாராவது உங்களிடம் அப்படிக் காட்டினால் கவனமாக இருங்கள். ஆனால் உங்கள் மகனின் தலைமுட்டலுக்கு இந்த ஆய்வு நேராகப் பொருந்துகிறது. அந்த மூன்று வழியிலும் சிகிச்சையைச் செய்த கை பெற்றோருடையது என்பதையும் கவனியுங்கள். தெரபிஸ்ட் வீட்டுக்குள்ளேயே இருந்தபோதும் அப்படித்தான். பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் முறை என்றால், சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் நிற்கிறாரா, ஐநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாரா என்பது நாம் பயப்படும் அளவுக்கு வித்தியாசம் செய்வதில்லை.

சரி, அவர்கள் என்ன செய்தார்கள்? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் நடக்கப்போவது இதுதான்.

தலையை முட்டுவதால் அவனுக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது, அல்லது ஏதோ ஒன்றிலிருந்து அவன் தப்பிக்கிறான். பொம்மை திரும்பக் கிடைக்கலாம், நீங்கள் ஓடிவந்து தூக்கலாம், சட்டை மாற்றும் தொல்லை நிற்கலாம், உடம்புக்குள்ளேயே அவனுக்கு மட்டும் தெரியும் ஓர் உணர்வு வரலாம். இதைப் பிரித்துப் பார்க்கும் முறையை 1982-ல் பிரையன் இவாட்டாவும் அவர் குழுவும் உருவாக்கினார்கள். கவனிப்பை நிறுத்திப் பார்ப்பது, வேலை சொல்லிப் பார்ப்பது, தனியே விட்டுப் பார்ப்பது, எந்த வற்புறுத்தலும் இல்லாமல் விளையாட விட்டுப் பார்ப்பது என்று சின்னச் சின்ன நேரத் துண்டுகளாக வைத்து எதில் நடத்தை வருகிறது என்று எண்ணுவார்கள். பிறகு 1985-ல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் இன்னொரு படி போனார்கள். முட்டுவதால் கிடைப்பது எதுவோ, அதையே கேட்டு வாங்கப் பிள்ளைக்கு ஓர் எளிய வழியைக் கற்றுக்கொடுத்தால் முட்ட வேண்டிய தேவை போய்விடுகிறது என்று காட்டினார்கள். அந்த வழி ஒரு சொல்லாக இருக்கலாம். ஒரு சைகை, ஒரு படஅட்டை, அழுத்தினால் குரல் வரும் ஒரு பட்டன் என்று எதுவாகவும் இருக்கலாம்.

வீடியோவில் இது எப்படி நடக்கும்? அவனுக்கு மிகப் பிடித்த ஒன்றை, சோப்புக் குமிழி ஊதுவது என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிடம் ஊதுகிறீர்கள். பிறகு நிறுத்தி, குமிழிப் புட்டியை மடியில் வைத்துக்கொள்கிறீர்கள். அவன் முகம் மாறும். கத்துவதற்கு முன்பு அவனுக்கென்று ஒரு சின்ன அடையாளம் இருக்கும். உதட்டைச் சுருக்குவான், விரலை இறுக்குவான். அந்த நொடியிலேயே பக்கத்தில் இருக்கும் படஅட்டையை அவன் கையால் எடுத்து உங்கள் கையில் வைக்க உதவுகிறீர்கள். வைத்த உடனே, மூச்சு விடும் நேரத்துக்குள், குமிழி வர வேண்டும். “நல்ல பையன்”, “இன்னொரு தடவை சொல்லு” எதுவும் வேண்டாம். குமிழி வந்தால் போதும். பத்து தடவை, இருபது தடவை. நாலைந்து நாளில் நீங்கள் உதவுவதற்கு முன்பே அவன் கை அட்டைக்குப் போகும். அதைக் கேமரா வழியாகப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மகிழ்ச்சி தாங்காது, இத்தனை வருடம் ஆகியும்.

அப்புறம்தான் காத்திருக்கப் பழக்குவது, “இப்போது இல்லை” என்பதைத் தாங்கப் பழக்குவது எல்லாம். அதை முதல் வாரமே தொடங்கும் தெரபிஸ்ட் அவசரப்படுகிறார் என்று அர்த்தம்.

இந்த வேலையில் வீடியோவுக்கென்று ஒரு கஷ்டம் உண்டு. படமும் குரலும் அரை நொடி, ஒரு நொடி தாமதமாகப் போகும். நான் “இப்போது” என்று சொல்வது அம்மாவின் காதில் விழும்போது அந்த நொடி கடந்திருக்கும். பிள்ளை ஏற்கெனவே கத்தத் தொடங்கியிருப்பான், அம்மா கத்தலுக்குக் குமிழி கொடுத்துவிட்டிருப்பார். ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய தோல்வியாகத் தெரிந்தது. பிறகு புரிந்துகொண்டேன்: நடக்கும்போது சொல்வதைக் குறைத்து, நடப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். செஷன் தொடங்கியதும் ஐந்து நிமிடம் பிள்ளை இல்லாமல் பேசுகிறோம். இன்று ஒரே ஒரு விதி: அட்டை வந்தால் குமிழி. அதை நான் ஒரு பொம்மையை வைத்துச் செய்து காட்டுகிறேன். அப்பா பிள்ளையாக நடிக்க, அம்மா இரண்டு தடவை செய்து பார்க்கிறார். அதன் பிறகு பிள்ளை வருகிறான். நான் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், முடிந்தபின் இரண்டு வாக்கியம் சொல்கிறேன். விளக்குவது, செய்து காட்டுவது, செய்ய வைப்பது, பார்த்ததைச் சொல்வது என்னும் இந்த நான்கு படியும் பழைய முறைதான். காதில் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும் தெரபிஸ்டைவிட, பெரும்பாலான நேரம் மௌனமாக இருக்கும் தெரபிஸ்ட்டால்தான் பெற்றோர் தாங்களாகவே செய்யக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

வீடியோவை நான் விரும்புவதற்கு உண்மையான காரணம் வேறு. பிரச்சினை எங்கே நடக்கிறதோ அங்கேயே பார்க்க முடிகிறது.

ஒரு பிள்ளை தினமும் மாலையில், அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும், கத்திக்கொண்டு தரையில் விழுவான். அவனுக்கு அப்பாவைப் பிடிக்கவில்லை என்றே வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அந்த அப்பா என்னிடம் பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. என் அறையில் அந்தப் பையனை ஆறு மாதம் பார்த்திருந்தாலும் எனக்கு ஒன்றும் பிடிபட்டிருக்காது. மாலை நேரத்தில் போனை ஹாலில் வைக்கச் சொன்னேன். மூன்றாவது நாள் தெரிந்தது. அழைப்பு மணி அடித்ததும் அம்மா எழுந்து, பையன் தட்டிக்கொண்டிருக்கும் டப்பாக்களை எல்லாம் அள்ளி மேலே வைத்துவிடுகிறார், களைத்து வரும் மனிதருக்குச் சத்தம் வேண்டாமே என்று. மணி அடித்தால் விளையாட்டு முடிந்தது என்று பையன் கற்றுக்கொண்டிருந்தான். அப்பா அதற்கு அடுத்து நடக்கும் காட்சி, அவ்வளவுதான். டப்பாக்களை அங்கேயே விடச் சொன்னோம். அப்பா உள்ளே வந்ததும் பத்து நிமிடம் அவனோடு உட்கார்ந்து தட்டச் சொன்னோம். பதினைந்து நாளில் மணி அடித்தால் கதவுக்கு ஓடினான்.

இதற்குப் பெரிய திறமை ஒன்றும் தேவைப்படவில்லை. முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பின் என்ன நடந்தது என்று மூன்றையும் அது நடக்கும் இடத்திலேயே பார்த்தோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது கடினம். தெரபி அறையின் மேஜையில் அழகாக அட்டை கொடுக்கும் பிள்ளை வீட்டுச் சமையலறையில் கத்துவான். வீட்டிலேயே, உங்களிடமே கற்றுக்கொண்டால் அந்த இடைவெளி இருக்காது.

இப்போது “நடத்தைச் சிகிச்சை” என்ற பெயரைப் பற்றி நான் கொஞ்சம் பேசியாக வேண்டும். வீடியோவா நேரிலா என்பதைவிட இது முக்கியம். ஏபிஏ (Applied Behavior Analysis) என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த முறை ஆட்டிசத்தில் புகழ்பெற்றது 1987-ல் ஐவார் லோவாஸ் வெளியிட்ட ஆய்வினால். 19 பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம் என்று இரண்டு ஆண்டுக்கு மேல் பயிற்சி கொடுத்து, அவர்களில் 9 பேர் சாதாரண வகுப்பில் சேரும் நிலையை அடைந்தார்கள் என்றார். யாருக்கு இவ்வளவு பயிற்சி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யவில்லை, அதனால் பலன் முழுவதும் பயிற்சியால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதட்டலும் தொடையில் அடியும்கூட அந்தத் திட்டத்தில் இருந்தன. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இன்று சொல்வது: எங்களை “சாதாரணமாக”த் தெரிய வைப்பதற்காகக் கையசைக்கக் கூடாது, கண்ணைப் பார்க்க வேண்டும், சொன்னதைக் கேட்க வேண்டும் என்று பழக்கினார்கள், அது எங்களுக்குள் பயத்தையும் களைப்பையும்தான் விட்டுச்சென்றது. நான் அவர்கள் பக்கம்தான். மகிழ்ச்சியில் கையை உதறும் பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்தச் சொல்லும் எந்தத் திட்டமும் உங்கள் வீட்டுக்குள் வர வேண்டாம். வீடியோவில் அந்தக் கை உங்களுடையதாக இருக்கும் என்பதால் இன்னும் வேண்டாம்.

முறைகளும் நிறைய மாறிவிட்டன. மேஜையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பதற்குப் பதிலாக, பிள்ளை எதைக் கவனிக்கிறானோ அதில் சேர்ந்துகொண்டு, விளையாட்டின் ஊடாகவே பேச்சையும் பகிர்தலையும் வளர்க்கும் வழிகள் வந்திருக்கின்றன. சாலி ராஜர்ஸ், ஜெரால்டின் டாசன் இருவரும் உருவாக்கிய டென்வர் முறை, புரூக் இங்கர்சால் குழுவின் இம்பேக்ட் திட்டம் இவையெல்லாம் அப்படிப்பட்டவை. இரண்டுக்குமே பெற்றோருக்கு வீடியோ வழியே சொல்லிக்கொடுக்கும் வடிவம் சோதிக்கப்பட்டிருக்கிறது. இங்கர்சால் குழு 2016-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு உங்களுக்குப் பயன்படும். பெற்றோரில் ஒரு பிரிவுக்கு இணையப் பாடங்களை மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே பாடங்களோடு வீடியோவில் பேசும் பயிற்சியாளரையும் கொடுத்தார்கள். இரண்டு பிரிவும் முன்னேறின. ஆள் துணை இருந்தவர்கள் முறையை இன்னும் சரியாகக் கையாண்டார்கள். பதிவு செய்த வீடியோக்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாமே என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: பாருங்கள், நல்லதுதான், ஆனால் நீங்கள் செய்வதை ஒருவர் பார்த்துச் சொல்வது வேறு.

இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டிய பெரிய ஆய்வும் உண்டு. 2015-ல் வெளியானது, 3 முதல் 7 வயதுவரை 180 பிள்ளைகள். ஒரு பிரிவுப் பெற்றோருக்கு ஆட்டிசத்தைப் பற்றிய தகவல்களைச் சொன்னார்கள், மற்றவர்களுக்கு நடத்தையைக் கையாளும் பயிற்சி கொடுத்தார்கள். 24 வாரம் கழித்து, எரிச்சல் நடத்தையின் அளவு தகவல் பெற்றவர்களின் பிள்ளைகளிடம் 31.8 சதவீதமும் பயிற்சி பெற்றவர்களின் பிள்ளைகளிடம் 47.7 சதவீதமும் குறைந்திருந்தது. அது நேரில் நடந்தது. அதே திட்டத்தைப் பிறகு வீடியோவுக்கும் கொண்டுவந்தார்கள். தெரிந்துகொண்டதாலேயே ஓரளவு குறைந்தது என்பதையும் விட்டுவிடாதீர்கள். காத்திருக்கும் காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் பெற்றோர் திறன் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். 2 முதல் 9 வயதுவரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கானது. ஒன்பது குழு வகுப்பும் மூன்று வீட்டு வருகையும் கொண்டது. 2022-ல் அதற்கு இலவச இணைய வடிவமும் வந்தது.

வாரம் ஒரு மணி நேர வீடியோ போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கானது. அவனுக்கான நேரம் சட்டை மாற்றும்போது, சாப்பாட்டுத் தட்டு வரும்போது, கதவைத் திறக்க உங்கள் கையை இழுக்கும்போது இருக்கிறது. ஆனால் நாள் முழுவதும் தெரபிஸ்டாக இருக்க முயலாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு நேரத்தைப் பிடியுங்கள், குளியல் என்று வைத்தால் குளியல் மட்டும். மற்ற நேரத்தில் நீங்கள் அவனுடைய அம்மா, அது போதும்.

இந்த முறையின் உண்மையான விலையை நீங்கள்தான் கொடுக்கப்போகிறீர்கள், அதனால் அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நேரில் போனால் பிள்ளையை விட்டுவிட்டு வெளியே அரை மணி நேரம் கண்ணை மூடலாம். வீடியோவில் அந்த ஓய்வு கிடையாது. வீடு இருக்கும் கோலம், நீங்கள் பிள்ளையிடம் பேசும் குரல், நீங்கள் பொறுமை இழக்கும் நொடி எல்லாவற்றையும் ஒருவர் பார்க்கிறார். ஒரு அம்மா செஷன் நடுவில் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அன்றைக்கு அட்டையைத் தொடவே இல்லை. அவர் எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்பதைப் பற்றித்தான் பேசினோம். அடுத்த வாரத் திட்டத்தைப் பாதியாகக் குறைத்தோம். உங்கள் தெரபிஸ்ட் உங்கள் களைப்பைக் கணக்கில் எடுக்கிறாரா என்று பாருங்கள். முடிந்தால் வீட்டில் இன்னொருவர், அப்பாவோ பாட்டியோ, இரண்டு வாரத்துக்கு ஒரு செஷனையாவது அவர்கள் கையில் எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் கற்றுக்கொண்ட வீட்டில் அட்டை ஒருவரிடம் மட்டும்தான் வேலை செய்யும்.

இனி தலைமுட்டல். எந்தத் தெரபிஸ்டையும் பார்ப்பதற்கு முன்னால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், பல்வலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எதுவாகவும் இருக்கலாம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை தலையை முட்டித்தான் சொல்வான். வலிக்கு நடத்தைத் திட்டம் போடுவது அநியாயம். திடீரென்று தொடங்கிய முட்டல், இரவில் வரும் முட்டல், ஒரே பக்கம் காதைப் பிடித்துக்கொண்டு முட்டுவது என்றால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். முட்டிய பின் வாந்தி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் இருந்தால் உடனே மருத்துவமனைதான்.

உடம்பில் ஒன்றும் இல்லை, அடிபடும் அளவுக்கு வேகமும் இல்லை என்றால் வீடியோவில் தொடங்கலாம். காயம் ஏற்படும் அளவுக்கு முட்டுகிறான், கண்ணைக் குத்திக்கொள்கிறான், சாப்பிடக் கூடாததை விழுங்குகிறான், வாசலைத் திறந்து ஓடிவிடுகிறான், வலிப்பு வருகிறது என்றால், குறைந்தது ஆரம்பக் கட்டமாவது பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தில் இருந்து நடக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வீடியோவில் ஏற்றுக்கொள்ளும் குடும்பங்களிடமும் ஒவ்வொரு செஷன் தொடக்கத்திலும் இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள், வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கிறாரா, கால் துண்டித்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று கேட்டுவிடுவேன். சோதனைக்காகக்கூட முட்டும்வரை விடுவதில்லை. நான் சொன்ன அந்த உதட்டுச் சுருக்கம் வந்ததுமே நிறுத்திவிடலாம், தகவலுக்கு அதுவே போதும். கீழே தடிமனான விரிப்பு போட்டுவிடுங்கள்.

“கண்டுகொள்ளாதீர்கள், தானாக நின்றுவிடும்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து நீங்களாக அதைச் செய்யாதீர்கள். இதுவரை பலன் தந்த ஒன்று திடீரென்று பலன் தராவிட்டால் அந்த நடத்தை குறைவதற்கு முன்பு கொஞ்ச காலம் இன்னும் வேகமாக வரும். தலை சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்தக் கொஞ்ச காலத்தைப் பணயம் வைக்க முடியாது. அந்த உச்சத்தில் பயந்துபோய்க் கொடுத்துவிட்டால், பலமாக முட்டினால்தான் கிடைக்கும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது போல ஆகிவிடும். மாற்று வழியை முதலில் கையில் கொடுங்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளையின் உயரத்தில் போனைப் படுக்கைவாட்டில் வையுங்கள், தரை முழுவதும் தெரியட்டும். அவன் வழக்கமாகப் பார்க்கும் டேப்லெட்டை மட்டும் கேமராவாக வைக்காதீர்கள், செஷன் முழுவதும் அதைக் கேட்டே கத்துவான். இணைப்பு மோசமாக இருந்தால் ஐந்து நிமிட வீடியோவாகப் பதிந்து அனுப்புங்கள். தெரபிஸ்ட் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். சில வீடுகளுக்கு இதுவே நேரலையைவிட நன்றாக அமைகிறது. பதிவுகளை யார் வைத்திருப்பார்கள், எத்தனை நாள், எப்போது அழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குளியல், கழிப்பறை, உடை மாற்றும் நேரத்தில் கேமரா வேண்டாம். அந்த நேரத்தைப் பற்றி வாய்ப்பேச்சிலேயே திட்டம் போடலாம், குரலை மட்டும் வைத்தும் செய்யலாம். நாளைக்கு வளர்ந்த பிறகு அவன் பார்த்து வெட்கப்படும்படி ஒரு பதிவும் எங்கும் இருக்கக் கூடாது.

நன்றாகப் பேசும் பெரிய பிள்ளைகளுக்குக் கதை வேறு. பதட்டத்துக்காகச் சிகிச்சைக்கு வரும் பதின்வயதினர் நேரடியாகவே வீடியோவில் தெரபிஸ்டோடு வேலை செய்யலாம். எதிரில் ஆள் இல்லாததே சிலருக்கு நிம்மதி. கேமராவை அணைத்துவிட்டுத் தட்டச்சில் பேசுபவர்களும் உண்டு. உங்கள் மகனுக்கு அது இப்போது பொருந்தாது. அவனை நாற்பது நிமிடம் ஸ்கிரீன் முன்னால் உட்காரவைத்துப் படம் காட்டிப் பெயர் கேட்கும் செஷனை யாராவது சிகிச்சை என்று விற்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்களிடம் பேசிய அந்தத் தெரபிஸ்டிடம் முதல் காலிலேயே இவற்றைக் கேளுங்கள். செஷனில் நீங்கள் பார்க்கப்போவது என்னையா, என் மகனையா, இருவரையுமா? முட்டலைக் குறைப்பதற்கு முன் அதன் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அவன் விளையாட்டை விட்டு எழுந்து போனால் நான் என்ன செய்ய வேண்டும்? கடைசிக் கேள்விக்கு “பிடித்து உட்காரவையுங்கள்” என்று பதில் வந்தால் அவர் உங்களுக்கான ஆள் இல்லை. எழுந்து போவது அவன் சொல்லும் பதில். அதைக் கேட்டு விளையாட்டை மாற்றுபவர்தான் வேண்டும். வாரம் இருபது முப்பது மணி நேரம் என்று எடுத்த எடுப்பிலேயே பேசுபவரிடமும், குணப்படுத்துகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள். ஆட்டிசம் குணப்படுத்தும் நோய் இல்லை.

ஆறு எட்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். தினமும் ஒரே ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் எத்தனை தடவை முட்டினான், எத்தனை தடவை வேறு வழியில் கேட்டான் என்று காகிதத்தில் கோடு போட்டு வையுங்கள். முட்டல் மெதுவாகக் குறைந்தாலும், கேட்பது மளமளவென்று கூட வேண்டும். இரண்டும் அசையாமல் இருந்தால் காரணத்தைத் தவறாகக் கணித்திருக்கிறோம் என்று பொருள். தெரபிஸ்ட் திட்டத்தை மாற்ற வேண்டும். பெற்றோர் சரியாகச் செய்யவில்லை என்று உங்கள் மேல் போடக் கூடாது.

முதல் செஷனுக்கு முன் மூன்று சின்ன வீடியோ எடுத்து வையுங்கள். ஒன்று அவன் தனியாக விளையாடும்போது, ஒன்று சாப்பிடும்போது, ஒன்று அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போது. பிரச்சினையைக் காட்டத்தான் எல்லோரும் வீடியோ அனுப்புகிறார்கள், ஆனால் நான் முதலில் திறப்பது அந்த மூன்றாவதைத்தான். குமிழியா, பந்தா, தண்ணீரா, டப்பாவா, அவன் எதற்குச் சிரிக்கிறான் என்று தெரிந்தால் முதல் அட்டையில் எந்தப் படம் போடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.